முதற்பாடம் எந்த மொழியில்?

"இந்தப் பாட்டுக்கு என்ன பொருள், ஐயா?"

கேட்டவள் ஒன்பது வயதுச் சிறுமி. கேட்ட இடம், சன்னல் வழியே மலைக்கோட்டை தெரியும் திருச்சித் தொடக்கப் பள்ளி. விழித்தவன் நான்! மலகரியில் அமைந்த பிள்ளையார் கீதம் அது. உச்சிப் பிள்ளையாரை அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் ஊர்ப் பிள்ளைக்கு, அவரைப் பற்றிய பாட்டு விளங்கவில்லை. (பிள்ளையாரே வேண்டுமா என்ற வழக்கு வேறு, அது இருக்கட்டும்.) பட்டம் பெற்ற எனக்கும் பொருள் தெரியாது. வெட்கம் பிடுங்க, ஏடுகளைப் புரட்டினேன்.

சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம் என்ற படிமுறையை வகுத்தவர் கன்னட நாட்டுப் புரந்தரதாசர் (1484–1564) என்பர். எளிதிலிருந்து அரிதுக்கு ஏற்றும் ஏணி அது. குறை கூற இடமில்லை. அவர் தம் மக்களுக்குத் தம் மக்கள் மொழியில் பாடினார். அவரிடம் நாம் கற்க வேண்டியது அந்த நெறியை. கற்றதோ சொற்களை மட்டும்!

தமிழில் பாட்டு இல்லையா? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் பெயரிட்டு வாழ்ந்த மொழியல்லவா இது! ஆற்றைக் கடந்தால் அரங்கம். அங்கே மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து என இருபது நாள் விழாவில் அரையர்கள் தமிழையே பாடி அபிநயம் பிடிக்கின்றனர். ஆனால் அக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கு, ஒரு சில குடும்பங்களுக்குள் காத்துவரப்பட்டது. கோயிலுக்குள் தமிழ் ஒலித்தது. குப்பனின் மகளுக்கு அதைக் கற்பிப்பார் இல்லை.

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஆபிரகாம் பண்டிதர், தஞ்சையிலிருந்து 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நாட்டினார். 1929-இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார் அண்ணாமலை அரசர். 1941-இல் அங்கே மாநாடு. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். "இசைக்கு ஏது மொழி?" என்று எதிர்த்தோர் கேட்டனர். மொழியில்லையேல், தமிழ் மட்டும் ஏன் உறுத்திற்று?

இதற்கிடையே 1939 மே 16-ஆம் நாள் திருச்சி வானொலி நிலையம் திறக்கப்பட்டது. சபையின் வாயிற்படி மிதிக்க இயலாதவன் செவிக்கும் கச்சேரி வந்தது. கேட்கும் உரிமை தெருவுக்கு வந்தது. கற்கும் வாய்ப்பு அத்தனை விரைவில் வரவில்லை.

அங்கேரி நாட்டைப் பாருங்கள்! சோல்தான் கோதாய், பார்த்தோக் என்னும் இரு இசைவாணர்கள் 1905-ஐ ஒட்டி ஊர் ஊராகச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டினர். குழந்தைக்கு முதற்பாட்டு தாய்மொழி நாட்டுப் பாடலே என்றார் கோதாய். 1950-இல் கெச்கெமேத் நகரில் நாள்தோறும் இசை கற்பிக்கும் தொடக்கப் பள்ளி எழுந்தது.

நானும் கீதத்தை மூடிவைத்தேன், கும்மியை எடுத்தேன். மும்மூன்றாய் நடக்கும் தாளம் பிள்ளைகளின் கைக்கே தெரிந்திருந்தது. திசிரம் என்ற பெயரை மட்டும் நான் சொன்னேன். மெட்டுப் பழகியபின் சொல்லை நீக்கி ஸ, ரி, க வைத்தோம். தடுமாற்றம் உண்டு, ஆனாலும் திகைப்பில்லை. மலகரிக் கீதத்துக்கு மீண்டும் வருவோம், பொருளோடு.

அச்சிறுமி மறுபடி எழுந்தாள். "இதை என் பாட்டி நடவு வயலில் பாடும், ஐயா. பாட்டிக்கும் சங்கீதம் தெரியுமா?"

தெரியும் என்றேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு அழைத்து வருகிறாளாம்.