கெடா மண்ணுக்கடியில் ஒரு கடைத்தெரு

கடாரம் என்றதும் தமிழர் மனம் ராஜேந்திர சோழனிடம்தான் போய் நிற்கிறது. 1025-ல் கப்பற்படை அனுப்பினான், கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்றான். பாடப்புத்தகம் அத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடுகிறது. கெடாவில் மண்ணைத் தோண்டியவர்கள் கண்டதோ போர்க்களத்தை அல்ல, கடைத்தெருவை.

வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்கு குனோங் ஜெராய் மலைதான் அடையாளம். அதன் அடிவாரத்து ஆற்றுத் துறைகளில், காற்று திரும்பும்வரை வணிகர்கள் காத்திருந்தார்கள். மாதக்கணக்கில் தங்குபவர்களுக்குக் கோயில் வேண்டாமா? பூஜாங் பள்ளத்தாக்கில் 1936-37-ல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் தோண்டிய சுமார் 30 இடங்களில் பல, இந்து, பௌத்தக் கோயில்களின் அடித்தளங்களே. உள்ளூரில் அவற்றுக்குச் சண்டி என்று பெயர்.

மெர்போக் அருகே புக்கிட் பத்து பகாட் சிவன் கோயிலை 1960 வாக்கில் மீண்டும் எடுத்துக் கட்டினார்கள். எஞ்சியிருப்பது கல் அடித்தளமும் தூண் பொருத்திய கற்களும்தான். கூரை மரமாக இருந்திருக்க வேண்டும், மழை விட்டுவைக்கவில்லை. அடியில் கல் பேழைகள் கிடைத்தன. கருவறைக்குக் கீழே பொன்னும் மணியும் வைத்துப் புதைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு ஸ்தபதிகளுக்குப் புதிதல்ல.

பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, பாசிமணிகள். சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இரும்பு உருக்கிய உலைகளை வெளிக்கொணர்ந்தது. அவற்றின் வயது பற்றி ஆய்வாளர்களிடையே சச்சரவு உண்டு. இரும்பு உருக்கியதில் சந்தேகமில்லை.

14-ம் நூற்றாண்டுக்குப் பின் துறைமுகம் ஓய்ந்தது. ஆறு தூர்ந்தது, வணிகம் இடம் மாறியது. காடு மூடியது. பிறகு ரப்பர் தோட்டங்கள் வந்தன. அங்கே பால்மரம் சீவ வந்த தமிழர்களுக்குக் காலடியில் கடாரம் கிடப்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

2013-ல் தெரிந்தும் பயனில்லாமல் போனது. சுங்கை பத்து தோட்டத்தில் 11-ம் எண் சண்டியை வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்திய இயந்திரம் தரைமட்டமாக்கியது. தனியார் நிலம், அரசிதழில் பதிவாகாத சின்னம் என்று பதில் வந்தது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது என்பதுதான் வேதனை.

பத்தாண்டு கழித்து, 2023-ல், யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸ் மேட்டில் ஆள் உயரப் புத்தர் சுதைச் சிலைகள் வெளிவந்தன. அது வேல்ஸ் அன்றே குறித்து வைத்த மேடு. இடிபட்ட 11-ம் சண்டியும் அதே வேல்ஸின் பட்டியலில் இருந்ததுதான்.