சிங்கப்பூரின் ஐந்தடி வழி

கடல் கடந்து சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பொருள் தேடிய நம் முன்னோர் நன்கு அறிந்திருந்த மலாய்ச் சொற்களுள் 'காக்கி லீமா' என்பதும் ஒன்று. 'காக்கி' என்றால் கால். அடி என்னும் அளவையும் அச்சொல்லே குறிக்கும். 'லீமா' என்றால் ஐந்து. கடைவீட்டின் கீழ்த்தளத்தை உள்ளே தள்ளிக் கட்டி, மாடியை முன்னே நீட்டி, அம்மாடிக்கு அடியில் வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடும்படி விட்ட நடைவழிக்கே இப்பெயர் வழங்கிற்று.

சீனர்களின் கட்டட மரபிலிருந்து இது தானாகக் கிளைத்தது என்று எண்ணுவோர் உண்டு. சிங்கப்பூரைப் பொறுத்தவரை இது ஆணையால் வந்தது. 1822 நவம்பரில் ஸர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவினருக்கு விடுத்த கட்டளையில், வீடுதோறும் முன்புறம் குறிப்பிட்ட ஆழத்துக்குத் தாழ்வாரம் அமைய வேண்டும் என்றும், தெருவின் இருமருங்கிலும் அது இடையறாத கூரைவழியாக எந்நேரமும் திறந்து கிடக்க வேண்டும் என்றும் விதித்தார். ஐந்தடி என்ற கணக்கை அவர் குறிக்கவில்லை. அது பின்னர் வந்த வழக்கு. அகலமோ தெருவுக்குத் தெரு வேறுபட்டது.

அதே கட்டளைதான் சீனர், அரபியர், பூகிஸ் மக்கள், 'சூலியா' எனப்பட்ட நம்மவர் ஆகியோர்க்குத் தனித்தனிக் குடியிருப்புப் பகுதிகளையும் வகுத்தது. மக்களை இனவாரியாகப் பிரித்து வைத்த ஆட்சியாளரின் போக்கை நாம் மெச்சுவதற்கில்லை. எனினும், பிரித்து வைத்த அந்தக் கட்டளையிலேயே எல்லாரும் சேர்ந்து நடக்கும் வழியும் பிறந்தது. வெயிலுக்கும் திடீர் மழைக்கும் ஒதுங்கியவர்களிடம் இனம் கேட்கும் ஏற்பாடு அங்கே இல்லை.

ஆனால் அந்த வழி யாருக்கு உரியது? மனை வீட்டுக்காரருடையது, அவர் விலை கொடுத்து வாங்கியது. நடக்கும் உரிமையோ ஊராருடையது. நம் ஊர்த் திண்ணையோடு இதனை ஒப்பிடுவது பொருந்தாது. திண்ணையில் அமர வீட்டாரின் இசைவு வேண்டும். இங்கே நடக்க எவருடைய இசைவும் வேண்டியதில்லை. கடைக்காரர் சரக்கு மூட்டைகளை வெளியே அடுக்கினார். கையில் முதல் இல்லாதவர் தூணோரம் ஒரு பலகையைப் போட்டு வணிகம் தொடங்கினார். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சென்ற நம்மவருள் பலர் இவ்வாறு சில்லறைக் கடை வைத்தும், பத்திரிகை விற்றும், நாணயம் மாற்றியும் குடும்பத்தைக் காத்தனர். தனிக்கடை எடுக்க வழியற்றவனுக்குத் தூணடியே முதல் கடை.

1888 பிப்ரவரியில் இந்த வழக்கு தெருவுக்கே வந்துவிட்டது. நகராண்மையினர் தாழ்வாரங்களை அடைத்திருந்த பொருள்களை அகற்றத் தலைப்பட்டனர். வணிகர்கள் கடைகளை அடைத்தனர், கலகம் மூண்டது, டிராம் வண்டிகள் மீது கற்கள் பறந்தன. மூன்று நாள் நகரம் தத்தளித்தது. இறுதியில், நடப்போர்க்கு வழி விட்டால் போதும், எஞ்சிய இடத்தில் சரக்கு வைக்கலாம் என்ற சமரசத்துக்கு நகராண்மை இறங்கி வந்தது. ஆணையிட்டோர் எண்ணியது நடைவழியை மட்டுமே. மக்கள் அதைக் கடைத்தெருவாகவும் ஆக்கிக்கொண்டனர். இரண்டையும் ஏற்ற அந்தச் சமரசமே முதல் ஆணையினும் அறிவுடையது என்பது நம் கருத்து.

நகரம் புறத்தே படர்ந்தபோது சிராங்கூன் சாலை, கேலாங், ஜூ சியாட் ஆகிய பகுதிகளின் கடைவீடுகளும் இம்முறையையே பின்பற்றின. கோலாலம்பூரில் 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் ஊரைச் சீரழித்தபின், செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்ட கடைத்தெருக்களிலும் அதனைக் காண்கிறோம். 1989இல் சிங்கப்பூர் அரசு சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகிய வட்டாரங்களைப் பாதுகாப்புக்குரியவையாக அறிவித்தபோது பழைய தாழ்வாரங்களும் காப்பாற்றப்பட்டன. புதிய வணிகக் கட்டடங்களுக்கும் கூரையிட்ட நடைவழி வேண்டும் என்ற விதி அங்கே இன்றும் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பழைய வீடுகள் அவரவர் விருப்பப்படி தரையை உயர்த்தியும் தாழ்த்தியும் கட்டப்பட்டமையால், வழி பல இடங்களில் படியேறிப் படியிறங்கிச் செல்கிறது. முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் அங்கே நின்றுவிட நேர்கிறது. கூரையை இடையறாமல் வைக்கச் சொன்ன கட்டளை, தரையைப் பற்றி மறந்துவிட்டது.