பிரமிடை எழுப்பிய கரங்கள்

மிஸ்ரு எனும் எகிப்து நாட்டின் பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழுவன பிரமிடுகளே. அவற்றின் உயரத்தை வியக்கும் நாம், அவற்றை எழுப்பிய கரங்களை நினைப்பது அரிது. அக்கரங்களை இங்கே சற்று நினைவுகூர்வோம்.

நைல் நதிக்கரையில் வாழ்ந்த முற்கால எகிப்தியர், தொடக்கத்தில் கல்லால் கட்டியவரல்லர். ஆற்று வண்டலைப் பிசைந்து வெயிலில் உலர்த்திய செங்கல்லும், நாணலும், மரமுமே அவர்களுடைய கட்டடப் பொருள்கள். அரசர்களின் கல்லறைகளும் செங்கல் மேடைகளாகவே அமைந்தன. திண்ணையை ஒத்த அவ்வடிவினைப் பிற்கால அரபு மக்கள் 'மஸ்தபா' என்றழைத்தனர்.

கி.மு. 2650ஆம் ஆண்டையொட்டி, ஜோசர் மன்னருக்காகச் சக்காராவில் ஆறு படிகளுடன், ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் கற்பிரமிடு எழுந்தது. அதனைச் சமைத்தவராகப் போற்றப்படும் இம்ஹோதெப்பின் பெயர், மன்னரின் சிலைப் பீடத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளாகத்தின் தூண்கள் நாணற்கட்டுகளைப் போன்றும், கூரைக் கற்கள் மரக்கட்டைகளைப் போன்றும் செதுக்கப்பட்டுள்ளன. திறந்து வைத்த கதவுகளும் கல்லே! புதிய பொருள் கைக்கு வந்த பின்னரும் அச்சிற்பியர் தம் பழைய குடிலை மறந்தாரில்லை.

அடுத்த நூற்றாண்டில் கீஸாவில் கூஃபு மன்னரின் பிரமிடு 146 மீட்டர் உயர்ந்தது. ஆயினும், அவருடையதென உறுதியாகக் கூறத்தக்க முழு உருவச் சிலையாக நமக்குக் கிடைத்திருப்பது, 1903இல் அபிதோசில் கண்டெடுக்கப்பட்ட 7.5 செ.மீ. உயரத் தந்தப் பதுமை ஒன்றே.

அப்பிரமிடைச் சவுக்கடிக்கு அஞ்சிய அடிமைகளே கட்டினர் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. 1990இல் பிரமிடுகளின் அருகே தொழிலாளரின் கல்லறைகள் வெளிப்பட்டன. மன்னரின் நிழலில் அடக்கம் பெற்ற அவர்களின் எலும்புகளிற் சில, முறிந்தபின் மருத்துவம் பெற்றுக் கூடியவை. அவர்கள் வாழ்ந்த குடியிருப்பில் ஆடு மாடுகளின் எலும்புகள் மிகுதியாகக் கிடைத்தன. 2013இல் செங்கடற்கரையிலுள்ள வாதி அல்-ஜர்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், மெரெர் என்னும் மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருந்தது. ஏறத்தாழ 40 பேர் கொண்ட தம் குழுவுடன், துராவிலிருந்து சுண்ணாம்புக்கற்களைப் படகேற்றிக் கீஸாவுக்குக் கொணர்ந்த செய்தியை அவர் நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறார்.

அவர்தம் உழைப்பு எளிதாயிருந்தது என நாம் கூறவில்லை. அரசாணைக்குக் கட்டுப்பட்டு, உடல் தேய உழைத்தவர்களே அவர்கள். எனினும் அவர்கள் பெயரற்ற கூட்டமல்லர். உண்டு, உறங்கி, நோயுற்று, மருந்துண்டு வாழ்ந்த மனிதர்கள்.

விண்ணை எட்டக் கல்லறை எழுப்பிய மன்னரின் முகத்தைக் காண, உள்ளங்கையில் அடங்கும் பதுமையை நாம் தேட வேண்டியுள்ளது. கல் சுமந்த படகின் தலைவரோ, நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தம் கையெழுத்தால் நம்மோடு பேசுகிறார். பிரமிடைக் காணும்போது, மன்னரின் பெயரோடு மெரெரின் பெயரையும் நாம் நினைப்போமாக.