மறைந்தவரின் இருக்கை: மாநிலங்களவை இடைத்தேர்தலும் கள்ளக்குறிச்சியின் நான்கு வாக்குகளும்

2021 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை இடங்களில் அ.தி.மு.க.வுக்கு உரியவை 8, தி.மு.க.வுக்கு உரியவை 7. அவ்வாண்டு முடிவதற்குள் அது 5, 10 என்று மாறிவிட்டது. இடையில் நடந்தவை மூன்று இடைத்தேர்தல்கள் மட்டுமே. மூன்றிலும் தி.மு.க. வேட்பாளர்கள் போட்டியின்றித் தேர்வானார்கள். 2021 மார்ச்சில் மறைந்த அ. முகமது ஜானின் இடத்துக்கு எம்.எம். அப்துல்லா வந்தார். சட்டமன்றத்துக்குத் தேர்வானதால் பதவி விலகிய கே.பி. முனுசாமி, ஆர். வைத்திலிங்கம் ஆகியோரின் இடங்களுக்குக் கனிமொழி என்.வி.என். சோமுவும் கே.ஆர்.என். ராஜேஷ்குமாரும் வந்தார்கள். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. எல்லாம் விதிப்படியே நடந்தன. ஆயினும் அந்த விதி, மாநிலங்களவை எந்த நோக்கத்துக்காக அமைக்கப்பட்டதோ அதற்கு எதிராக வேலை செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். உறுப்பினர் இறப்பால் காலியாகும் இடத்தையேனும் அவருடைய கட்சிக்கே எஞ்சிய காலத்துக்கு விட்டுவைப்பதுதான் முறை.

இவ்வாதத்தைச் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ தொடங்காமல் கள்ளக்குறிச்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. உளுந்தூர்பேட்டை, ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி என்ற நான்கு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டு 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. மாநிலங்களவைத் தேர்தலில் இம்மண்ணின் குரல் 234இல் 4 வாக்குகள். 2016 சட்டமன்றத்தில் அந்த நான்கும் சரிபாதியாகப் பிரிந்திருந்தன: உளுந்தூர்பேட்டையும் கள்ளக்குறிச்சியும் அ.தி.மு.க., ரிஷிவந்தியமும் சங்கராபுரமும் தி.மு.க. 2021இல் உளுந்தூர்பேட்டை கைமாறி, மூன்றுக்கு ஒன்று என்றானது. முகமது ஜான், முனுசாமி, வைத்திலிங்கம் மூவரையும் தேர்ந்தெடுத்தது 2016இல் அமைந்த சட்டமன்றம். அதாவது, இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்திருந்த காலத்துக் கள்ளக்குறிச்சியின் வாக்குகளும் அவர்களுடைய பதவிக் காலத்துக்குள் அடங்கியிருந்தன.

ஒரு மாவட்டத்தின் நான்கு வாக்குகளுக்கு மாநிலங்களவையில் என்ன பொருள் என்று கேட்கலாம். கல்வராயன் மலையைப் பார்த்தால் பொருள் தெரியும். மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியிலிருந்து 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பின்பு, மலைவாழ் மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. அங்கே பெரும்பான்மையாக வாழும் மலையாளி இன மக்களின் பழங்குடித் தகுதி, பழங்குடியினர் பட்டியலில் மாவட்டப் பெயர்களோடு கட்டப்பட்டிருக்கிறது. அம்மாவட்டங்களுள் ஒன்று தென்னார்க்காடு. அந்த மாவட்டம் பிரிந்து விழுப்புரமாகி, விழுப்புரமும் பிரிந்து கள்ளக்குறிச்சியாகிவிட்டது. பட்டியலில் பழைய பெயரே நிற்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு சொல்லை மாற்றுவதானாலும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவரையும் குருவிக்காரரையும் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் இரு அவைகளிலும் அவ்வாறுதான் நிறைவேறியது. 2023 ஆகஸ்டில் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் நிறைவேறியதும் மாநிலங்களவையைத் தாண்டித்தான். காட்டையும் சாதிச் சான்றிதழையும் நம்பி வாழும் மக்களுக்கு அந்த அவை தொலைவில் இருக்கும் அவை அல்ல. ஆனால் அங்கே பழங்குடியினருக்குத் தனித் தொகுதி கிடையாது. சட்டமன்றத்திலும் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே இரண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை, பொதுத் தொகுதியான சங்கராபுரத்தில் அடங்குகிறது. இத்தகைய மக்களின் வாக்கு மேலவையைச் சென்றடைய உள்ள ஒரே வழி, கட்சிகளின் விகிதம் சிதையாமல் காக்கப்படுவதுதான்.

விகிதம் காக்கப்பட வேண்டும் என்பதற்காகவே அரசமைப்பின் 80ஆம் பிரிவு ஒற்றை மாற்று வாக்கு முறையை விதித்தது. ஆறு இடங்களுக்கு ஒரே நேரத்தில் தேர்தல் நடந்தால் 34 உறுப்பினர்களின் ஆதரவு ஓர் இடத்தைப் பெற்றுத் தரும். சிறுபான்மைக்கும் அதில் பங்குண்டு. 2022 ஜூனில் தி.மு.க. அணிக்கு நான்கும் அ.தி.மு.க.வுக்கு இரண்டுமாகப் பிரிந்தது இதனால்தான். ஒரே ஓர் இடத்துக்குத் தேர்தல் என்றால் தேவை 118. அப்போது விகிதாசாரம் என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது. வேலை செய்வது வெறும் பெரும்பான்மை. 2021 சட்டமன்றத்தில் தி.மு.க. அணிக்கு 159 உறுப்பினர்கள், அ.தி.மு.க. அணிக்கு 75. இடைத்தேர்தலின் முடிவு அறிவிப்பு வெளியான நாளிலேயே தெரிந்துவிட்டது.

காலி இடங்களைச் சேர்த்து ஒரே தேர்தலாக நடத்தினால் போதுமே என்பது பலரும் சொல்லும் தீர்வு. 2019இல் அமித் ஷா, ஸ்மிருதி இரானி ஆகியோர் விட்ட குஜராத் இடங்களுக்குத் தனித்தனியே தேர்தல் அறிவிக்கப்பட்டபோது காங்கிரஸ் உச்ச நீதிமன்றத்தை அணுகியது இந்தக் கோரிக்கையோடுதான், நீதிமன்றம் தலையிடவில்லை. தமிழ்நாட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இத்தீர்வின் குறை புலப்படும். முனுசாமி, வைத்திலிங்கம் இடங்களைச் சேர்த்திருந்தால் ஓர் இடத்துக்குத் தேவை 79. இரண்டுக்கும் 158. தி.மு.க. அணியிடம் 159 இருந்ததால், ஒரே ஒரு வாக்கு மிச்சத்தில் இரண்டையும் அதுவே வென்றிருக்கும். மூன்றையும் சேர்த்திருந்தால் தேவை 59 ஆகி, 66 பேரைக் கொண்ட அ.தி.மு.க. ஒன்றைத் தக்க வைத்திருக்கும். ஆக, சேர்த்து நடத்துவதன் பலன் எத்தனை இடங்கள் ஒரே சமயத்தில் காலியாகின்றன என்ற தற்செயலைச் சார்ந்தது. முகமது ஜானைப் போல ஒருவர் தனியே மறையும்போது சேர்ப்பதற்கு வேறு இடமே இருக்காது.

முதல் தேர்தலின் வாக்குச் சீட்டுகளையே மீண்டும் எண்ணி அடுத்த நிலையில் இருந்தவருக்கு இடம் தரலாம் என்ற முறை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலச் சட்டமன்றத்தில் உண்டு. இங்கே அதற்கும் வழியில்லை. 2019, 2020, 2022, 2025 என்று தமிழ்நாட்டின் அண்மைக்கால மாநிலங்களவைத் தேர்தல்கள் போட்டியின்றியே முடிந்தன. எண்ணுவதற்குச் சீட்டே கிடையாது.

எஞ்சுவது ஆஸ்திரேலிய செனட் கண்ட வழி. 1975இல் செனட்டர் பெர்ட் மில்லினர் இறந்தபோது, குயின்ஸ்லாந்து மாநில ஆட்சி அவருடைய தொழிற்கட்சி முன்மொழிந்தவரை ஏற்காமல் ஆல்பர்ட் ஃபீல்டை அனுப்பியது. அதே ஆண்டின் அரசியல் நெருக்கடியில் அந்த மாற்றத்துக்கும் பங்குண்டு. 1977இல் மக்கள் பொதுவாக்கெடுப்பில் அரசமைப்பைத் திருத்தினார்கள்: காலியாகும் இடம் அதே கட்சியைச் சேர்ந்தவருக்கே. மாநில ஆட்சியின் கை மாறியதால் செனட்டின் பலம் மாறக் கூடாது என்பதே அதன் கருத்து. நம்முடைய இடைத்தேர்தலில் மாநிலப் பெரும்பான்மை செய்வதும் ஏறத்தாழ அதுவே. வேறுபாடு, இங்கே அது வழக்கமான நடைமுறையாகிவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது, புதிய மக்கள் தீர்ப்பு பற்றிய வாதம். 2021இல் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். இடைத்தேர்தல் அந்தத் தீர்ப்பைத்தானே காட்டியது என்பார்கள். மாநிலங்களவை கலைக்க முடியாத அவையாகவும், இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறும் அவையாகவும் அமைக்கப்பட்டதன் நோக்கமே, நேற்றைய தீர்ப்பும் இன்றைய தீர்ப்பும் ஒரே அவையில் அமர வேண்டும் என்பது. புதிய தீர்ப்புக்கு உரிய முறை 2022 ஜூனில் வந்தது, 2025இல் மீண்டும் வந்தது. அதற்கு முன்பே பழைய தீர்ப்பின் பங்கை எடுத்துக்கொள்ளப் புதிய தீர்ப்புக்கு உரிமை இல்லை. இதை அ.தி.மு.க.வுக்கான பரிவு என்று கொள்ளத் தேவையில்லை. 2016இலும் 2021இலும் சங்கராபுரம் தி.மு.க. உறுப்பினரையே அனுப்பியது, கல்வராயன் மலை இம்முறை வென்ற பக்கத்தில் இருந்தது. சட்டமன்றப் பெரும்பான்மை மறுபக்கம் சாயும் நாளில் இழப்பு அந்த மலைக்கும் நேரும்.

கட்சிக்கு இருக்கையைச் சொந்தமாக்குவது உறுப்பினரைப் பொம்மையாக்கும் என்பது இன்னொரு மறுப்பு. சட்டம் ஏற்கனவே அந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்டது. 1985 முதல் பத்தாவது அட்டவணைப்படி, கட்சியை விட்டு விலகும் உறுப்பினர் இருக்கையையும் இழக்கிறார். 2003இல் திறந்த வாக்குமுறை வந்தது. எந்த மாநிலத்தவரும் எங்கிருந்தும் போட்டியிடலாம் என்றும் ஆனது. குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் இரண்டையும் ஏற்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த எல். முருகன் 2021இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து, அதுவும் ஓர் இடைத்தேர்தலில், தேர்வானது அதன் விளைவு. உயிரோடு இருக்கும்வரை இருக்கை கட்சியுடையது, இறந்த மறுநாள் பெரும்பான்மையுடையது என்று சொல்லும் சட்டத்துக்கு எந்த நியாயம் துணை நிற்கும்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முனுசாமியும் வைத்திலிங்கமும் தாமே விரும்பிச் சட்டமன்றத்தைத் தேர்ந்தார்கள். இரண்டு மாநிலங்களவை இடங்கள் கைவிட்டுப் போகும் என்று அறிந்துதான் அவர்களுடைய கட்சியும் அதற்கு இசைந்தது. இத்தகைய விலகலுக்கும் கட்சிக்கு இருக்கையை உறுதி செய்தால், மாநிலங்களவையைத் தங்குமிடமாக வைத்துக்கொண்டு வேறு தேர்தல்களில் நிற்கும் பழக்கம் பெருகும். ஆஸ்திரேலியா இறப்பையும் விலகலையும் பிரிக்கவில்லை. நாம் பிரிக்கலாம்: விலகலுக்கு இடைத்தேர்தல், இறப்புக்குக் கட்சியின் முன்மொழிவு. அப்படியிருந்தால் 2021இல் மாறியிருக்கக் கூடியது ஓர் இடம் மட்டுமே, அப்துல்லா 2025 ஜூலை வரை வகித்த இடம். ஓர் இடம்தானே என்று ஒதுக்க முடியாது. அது முப்பத்து நான்கு சட்டமன்ற உறுப்பினர்களின், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் தொகுதிகளின் பங்கு.

கூட்டணி இடங்களில் சிக்கல் கூடுதல். 2019இல் வைகோ தி.மு.க. வாக்குகளாலும் அன்புமணி ராமதாஸ் அ.தி.மு.க. வாக்குகளாலும் தேர்வானார்கள், 2020இல் ஜி.கே. வாசன், 2025இல் கமல்ஹாசன் ஆகியோர் வந்ததும் அவ்வாறே. இவர்களின் இருக்கை யாருடையது, வாக்களித்த கட்சியுடையதா, வேட்பாளரின் கட்சியுடையதா? வேட்புமனுவோடு கட்சி அளிக்கும் அங்கீகாரப் படிவத்தில் எந்தக் கட்சியின் பெயர் உள்ளதோ அந்தக் கட்சிக்கே உரியது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் இடைத்தேர்தல் பிரிவில் எழுதிவிட்டால் தகராறுக்கு இடமில்லை. பெரிய கட்சி விரும்பினால், உடன்படிக்கை செய்யும்போதே அதை மனத்தில் கொண்டு இடம் தரட்டும். கட்சி சாராதவரோ, கட்சியே கலைந்துபோனவரோ மறைந்தால் இடைத்தேர்தல் நடக்கட்டும்.