வெடித்த குதிகாலும் சுதேசிக் களிம்பும்

இந்தியத் தோல் பராமரிப்பின் வரலாறு பெரும்பாலும் நிறத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி அதில் தவறாமல் இடம்பெறுகிறது. தோலின் வறட்சிக்கும் தனியே ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் வங்காளத்தைச் சேர்ந்தது.

ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று சூழ்ந்திருக்கும் வங்காளத்தில் பௌஷ, மாக மாதங்களில், அதாவது மார்கழியிலும் தையிலும், வடக்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்று வீசும். தோலின் மேலடுக்கிலுள்ள கொழுப்பே உடலின் நீரை உள்ளே காக்கிறது. காற்றில் ஈரம் குறைந்தால் அந்நீர் விரைந்து வெளியேறும். உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும். குளிப்பதற்கு முன் கடுகெண்ணெய் பூசுவதே வீடுகளில் நெடுநாள் வழக்கமாக இருந்தது.

காலனியச் சந்தை கொண்டுவந்தது வேறு வகைப் பொருள். பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஹேஸ்லின் ஸ்னோ போன்ற 'ஸ்னோ'க்கள் பூசியவுடன் தோலில் மறைந்துவிடுபவை. முகப்பொலிவுக்கு அவை பொருந்தின. எண்ணெய்ப்பசை குறைவானதால் பிளந்த குதிகாலுக்கு அவற்றால் பெரும்பயன் இல்லை.

1929இல் கல்கத்தாவில் கௌர்மோகன் தத்தா போரோலின் களிம்பை அறிமுகப்படுத்தினார். 1905 வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி உணர்வும், பிரபுல்ல சந்திர ராய் நிறுவிய பெங்கால் கெமிக்கல் காட்டிய வழியும் இத்தகைய முயற்சிகளுக்குப் பின்புலமாக இருந்தன. களிம்பின் கூட்டு எளியது. ஆட்டுரோமத்திலிருந்து பெறும் லனோலின் நீர் வெளியேறுவதைத் தடுக்கும். துத்தநாக ஆக்சைடு புண்பட்ட தோலுக்குக் காப்பாகும். போரிக் அமிலம் மென்மையான கிருமிநாசினி. ஸ்னோவைப் போல அது மறையவில்லை, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டது. வறண்ட தோலுக்கு வேண்டியதும் அதுவே. எழுத்தறியாதோரும் அதன் யானைச் சின்னத்தைக் கொண்டு அதை அடையாளம் கண்டனர்.

சுதேசியைப் பற்றிய ஆய்வுகள் துணியையும் உப்பையும் விரிவாகப் பேசியுள்ளன. கதர் தெருவில் கண்ணுக்குப் படும் அரசியல். களிம்போ வீட்டு மாடத்தில் இருந்தது. அதை முகத்தோடு மட்டும் இணைத்துப் பார்ப்பது போதாது. குளிர்நீரில் பாத்திரம் துலக்கிய கைகளும், செருப்பின்றி வயலில் நடந்த கால்களும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வெடித்தன. நிறத்தின் வரலாறு முகங்களின் வரலாறு எனில், வறட்சியின் வரலாறு உழைத்த கைகால்களின் வரலாறு. அது இன்னும் முழுமையாக எழுதப்பட வேண்டியிருக்கிறது.