இரட்டை விசிடி படங்களை ஒரே கோப்பாக இணைத்தல்

இரட்டை விசிடி இணைப்பு என்பது, இரண்டு வட்டுகளில் பாதி பாதியாகப் பதிவான ஒரு திரைப்படத்தைக் கணினியில் நகலெடுத்து, இடையில் தடங்கல் இல்லாமல் ஓடும் ஒரே வீடியோ கோப்பாக ஆக்கும் வேலை. படத்தை மறுபடி சுருக்காமல், வட்டில் உள்ள காட்சியையும் ஒலியையும் அப்படியே எடுத்து ஒட்டுவதே இதில் சரியான முறை. மறுசுருக்கம் செய்தால் ஏற்கெனவே மங்கலான படம் இன்னும் மங்கும், நேரமும் வீணாகும்.

பின்னணி

விசிடிக்கான தர வரையறையை பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் 1993இல் வெளியிட்டன. வெள்ளை அட்டை நூல் என்று அது அறியப்பட்டது. ஒரு வட்டில் 74 நிமிடப் படம் அடங்கியது. பின்னர் வந்த 80 நிமிட வட்டுகளைக் கொண்டாலும் இரண்டு வட்டுகளின் கொள்ளளவு 160 நிமிடம்தான். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்தைத் தொட்டவை என்பதால், இரண்டு சிடி என்பதே வழக்கமானது. 160 நிமிடத்தைத் தாண்டிய படங்களுக்கு மூன்றாவது வட்டு தேவைப்பட்டது.

முதல் வட்டு இடைவேளையில் முடிவது பார்ப்பவருக்கு வசதி. ஆனால் முற்பாதி 80 நிமிடத்தைத் தாண்டும் படங்களில் வட்டு நடுக்காட்சியிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட படங்களை இணைத்துப் பார்ப்பதில்தான் பயன் அதிகம்.

சேலம், நாமக்கல் பகுதிக்கு இந்த வட்டுகளில் வந்த பழைய படங்களோடு தனி உறவு உண்டு. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் இருந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட உத்தம புத்திரன் (1940), மு. கருணாநிதி வசனத்தில் எம்ஜிஆர் நடித்த மந்திரி குமாரி (1950), கேவாகலர் என்ற வண்ண முறையில் எடுக்கப்பட்ட அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகியவை அதன் பெயர் சொல்லும் படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் (1938) இந்நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் பிரதி எதுவும் எஞ்சவில்லை என்றே கருதப்படுகிறது. தப்பிப் பிழைத்த பழைய படங்களை மறுபடி பார்க்க, வீடியோ கேசட்டுக்குப் பிறகு சிடிதான் வழி என்றிருந்த காலம் ஒன்று இருந்தது.

2006 முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியதும், 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றதும் வட்டுகளைச் சிற்றூர் வீடுகள் வரை கொண்டு சேர்த்தன. பென்டிரைவ் செருகும் பிளேயர்கள் வந்த பிறகு, இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றிப் போடுவதைவிட ஒரே கோப்பு வசதியானது.

வட்டின் அமைப்பு

விசிடியில் உள்ள படம் எம்பெக்-1 முறையில் சுருக்கப்பட்டது. இந்தியாவில் வழங்கிய பால் (PAL) தொலைக்காட்சி முறையில் ஒரு பிரேம் 352 × 288 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம்கள். காட்சிக்கு நொடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். கணினியில் வட்டைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் ஏவிசெக்01 என்ற டிஏடி கோப்பு இருக்கும். படம் அதற்குள்தான் உள்ளது. சில வட்டுகளில் 02, 03 என்று மேலும் கோப்புகள் இருக்கும். அவற்றில் விளம்பரமோ நிறுவன முத்திரையோ இருக்கலாம் என்பதால், நகலெடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

சிடியின் அடிப்படை அலகான செக்டார் 2352 பைட் கொண்டது. நொடிக்கு 75 செக்டார்கள் ஓடும். சாதாரணத் தகவல் சிடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட் தகவலும், பிழையைத் திருத்த 276 பைட்டும் ஒதுக்கப்படும். விசிடியில் அந்த 276 பைட்டையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால் செக்டாருக்கு 2324 பைட் படம் கிடைக்கிறது. ஒரு நிமிடப் படம் சுமார் 10.5 எம்பி, இரண்டரை மணி நேரப் படம் சுமார் 1.57 ஜிபி என்ற கணக்கு இதிலிருந்து வருவதே. கீறல் விழுந்த தகவல் சிடி திறந்துகொள்ளும்போது அதே அளவு கீறலுள்ள விசிடி திக்கித் திணறுவதற்கும் இதுவே காரணம்.

இணைக்கும் முறை

முதல் வேலை நகலெடுத்தல். வட்டை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. விண்டோஸ் கணினியில் டிஏடி கோப்பை நேராகவே நகலெடுக்கலாம். லினக்ஸில் விசிடி இமேஜர் தொகுப்பில் உள்ள விசிடிஎக்ஸ்ரிப் போன்ற கருவி தேவை. விசிடியை ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வைப்பது பயன்படாது. அந்த முறை செக்டாருக்கு 2048 பைட் மட்டுமே கொள்ளும் என்பதால், முழு வட்டை அப்படியே சேமிக்க பின்/கியூ வடிவம் வேண்டும்.

இரண்டாவது, உறையை நீக்குதல். விண்டோஸில் எடுத்த டிஏடி கோப்பின் தொடக்கத்தில் 44 பைட் தலைப்பும், ஒவ்வொரு செக்டாரிலும் படத்தோடு தொடர்பில்லாத 28 பைட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். விசிடிகியர் என்ற சிறு இலவசக் கருவி இவற்றை அகற்றி, சுத்தமான எம்பிஜி கோப்பைத் தரும். கோப்பின் பெயரை எம்பிஜி என்று மாற்றினாலே சில பிளேயர்களில் ஓடிவிடும், ஆனால் உள்ளே உறை அப்படியே இருக்கும்.

மூன்றாவது, ஒட்டுதல். இங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். இரண்டு டிஏடி கோப்புகளையும் பைட்டுக்குப் பைட் அடுத்தடுத்து வைத்துச் சேர்த்தால், பல பிளேயர்கள் முதல் கோப்பின் தலைப்பில் எழுதியிருக்கும் நீளத்தோடு நின்றுவிடும். படம் இடைவேளையில் முடிந்துபோகும். சுத்தமான எம்பிஜி கோப்புகளை இப்படி ஒட்டினால் படம் தொடர்ந்து ஓடும். ஆனால் இரண்டாம் வட்டின் நேரக்குறிகள் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்குவதால், முன்னும் பின்னும் நகர்த்தும் பட்டை தவறான நேரத்தைக் காட்டும்.

எனவே இரண்டாம் பாதியின் நேரக்குறிகளோடு முதல் பாதியின் நீளத்தைக் கூட்டித் தரும் கருவியே தேவை. அவிடெமக்ஸில் முதல் கோப்பைத் திறந்து, அப்பெண்ட் கட்டளையால் இரண்டாவதைச் சேர்த்து, வீடியோ, ஆடியோ இரண்டையும் காப்பி நிலையில் வைத்துச் சேமிக்கலாம். எம்கேவி டூல்நிக்ஸும் எஃப்எஃப்எம்பெக்கின் கான்காட் வசதியும் இதே வேலையைச் செய்கின்றன. மறுசுருக்கம் இல்லாததால் சாதாரணக் கணினியிலேயே சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

நான்காவது, சரிபார்த்தல். இணைந்த கோப்பின் நீளம் இரு பாதிகளின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். ஒட்டு விழுந்த இடத்துக்கு ஒரு நிமிடம் முன்னிருந்து பார்க்க வேண்டும். படத்தின் கடைசி வசனக் காட்சியில் உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

வழக்கமான சிக்கல்கள்

இரண்டாம் வட்டின் தொடக்கத்தில் நிறுவன முத்திரை இருந்தால் அதை வெட்டிவிட்டு இணைக்கலாம். எம்பெக் படத்தில் முழுமையாகப் பதிவாகும் பிரேம் சுமார் அரை நொடிக்கு ஒருமுறைதான் வரும். மறுசுருக்கம் இல்லாமல் வெட்ட வேண்டுமானால் அந்தப் பிரேமில்தான் வெட்ட முடியும்.

ஒரு பிரேம் 40 மில்லி நொடி, ஒலியின் சிறு துண்டு ஏறத்தாழ 26 மில்லி நொடி. இவை இரண்டும் ஒரே இடத்தில் முடிவதில்லை. இந்த அளவு வேறுபாடு காதுக்குத் தெரியாது. ஆனால் முதல் வட்டின் முடிவில் ஒலி சற்று முன்னதாகவே நின்றிருந்தால், பிற்பாதி முழுவதும் வசனம் விலகிப்போகலாம். அவ்வாறானால் இரண்டாம் பாதியின் ஒலிக்கு மட்டும் தாமதம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படம் வட்டில் 25 பிரேமாக ஓடும்போது, 160 நிமிடப் படம் 153.6 நிமிடமாகக் குறையும். திரையரங்கக் கணக்கைவிடப் படம் சுருங்கியிருப்பதைக் கண்டு காட்சி வெட்டப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை.

இணைத்த கோப்பின் வடிவத்தை அது ஓடப்போகும் கருவி பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். யுஎஸ்பி வசதியுள்ள பழைய டிவிடி பிளேயர்களுக்கு எம்பிஜி பொருந்தும், கணினிக்கும் விஎல்சி உள்ள கைபேசிக்கும் எம்கேவி நல்லது. எம்பெக்-1 படத்தை ஏற்காத கருவிகளுக்கு மட்டும் எச்.264 முறைக்கு மாற்ற வேண்டிவரும். அப்போதும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது.

டிவிடியில் இந்தச் சிரமம் குறைவு. அங்கே ஒரு படம் 1 ஜிபி அளவுள்ள விஓபி துண்டுகளாகக் கிடக்கும். நேரக்குறிகள் துண்டு தாண்டியும் தொடர்வதால் வரிசையாக ஒட்டினாலே போதும். ஆனால் பல டிவிடிகளில் நகல் தடுப்புப் பூட்டு உண்டு, விசிடியில் அது கிடையாது.

சட்ட நிலை

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் உரிமை அது வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதன்படி மந்திரி குமாரியின் காலம் 2010 முடிவிலும், அலிபாபாவின் காலம் 2016 முடிவிலும் நிறைவடைந்தன. உரிமை நீடிக்கும் படங்களில், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு நகல் தடுப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. நகலை விற்பதும் பரப்புவதும் வேறு கதை. திருட்டு விசிடி பெருகியதால் தமிழக அரசு 2004இல் வீடியோ திருடர்களையும் குண்டர் தடுப்புச் சட்ட வரம்புக்குள் கொண்டுவந்தது.

இன்றைய நிலை

மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் உத்தரவிடப்பட்டது. புதிய மடிக்கணினிகளில் வட்டு இயக்கி பெரும்பாலும் வருவதில்லை, யுஎஸ்பியில் இணைக்கும் தனி இயக்கி வாங்க வேண்டும். கோப்புகளை இணைப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வட்டிலிருந்து நகலெடுப்பதை அப்படித் தள்ளிப்போட முடியாது. வீட்டில் பழைய விசிடி வைத்திருப்பவர்கள், வட்டு படிக்கும் நிலையில் இருக்கும்போதே முதலில் நகலெடுத்துவிட வேண்டும்.