எலி விந்தகத்தில் ஏறிய சாயம்

விந்தகத் திசுவுக்குச் சொந்த நிறம் கிடையாது. சீவி நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் எந்தச் செல் எதுவென்று பிரித்தறிய முடியாது. ஆனால் ஆண் விலங்கின் குரோமோசோம்கள் இணைசேர்ந்து பிரியும் குன்றல் பகுப்பு இந்தத் திசுவின் நுண்குழாய்களுக்குள்தான் ஓயாமல் நடக்கிறது. அதனால்தான் குரோமோசோமைப் பார்க்க விரும்பியவர்கள் விந்தகத்தைத் தேடிப் போனார்கள்.

முதல் சாயங்கள் துணிச்சாயத் தொழிலிலிருந்து வந்தவை. ஹீமடாக்சிலின் மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்தும், ஆர்சீன் லைக்கன்களிலிருந்தும், கார்மைன் சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்தும் கிடைத்தன. இந்தப் பூச்சியை வளர்க்கவே கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் வந்து சேர்ந்ததோ மட்டமான இனம். சாயத்தில் அது சோபிக்கவில்லை. கள்ளியைத்தான் தின்று தீர்த்தது.

1921இல் ஜான் பெல்லிங் அசிட்டிக் அமிலக் கார்மைனோடு இரும்பைச் சேர்த்தார். 1941இல் லா கூர் ஆர்சீனைக் கொண்டுவந்தார். வேலை கைப்பக்குவத்தில் இருந்தது. கடுகளவு விந்தகத் துண்டைச் சாயத்துளியில் ஊசியால் கிழித்து, மெல்லிய கண்ணாடி மூடியிட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்காமல் சூடுகாட்டி, ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மூடி இம்மியளவு நழுவினாலும் செல்கள் உருண்டு கெட்டுவிடும்.

சாயம் எவ்வளவு நன்றாக ஏறினாலும் குரோமோசோம்கள் குவிந்து கிடந்தால் எண்ண முடியாது. விந்தகச் சீவல்களைப் பார்த்துத்தான் 1923இல் பெயின்டர் மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் உலகம் அதை நம்பியது. இந்தக் கலையின் பெரிய திருப்பம் புதுச் சாயத்தால் வந்ததல்ல, உப்புக் குறைந்த நீரால் வந்தது. அந்த நீரில் செல்கள் உப்பி, குரோமோசோம்கள் விலகி நிற்பதை 1952இல் டி. சி. சூ வெளியிட்டார். 1956இல் டியோவும் லெவானும் வளர்ப்புச் செல்களில் 46 கண்டனர். அதே ஆண்டில் ஃபோர்டும் ஹாமர்டனும் மனித விந்தகத்தில் 23 இணைகளை எண்ணி அதை உறுதிசெய்தனர். 1964இல் எவன்ஸ் குழுவினர் அழுத்தும் வேலையையே விட்டுவிட்டனர்: உப்பிய விந்தகச் செல்களைப் பதப்படுத்தி, கண்ணாடியில் சொட்டி, உலரவிட்டுச் சாயமேற்றினர்.

இந்த முறைகள் பரவிய காலத்தில்தான் மலேசிய எலிகளும் ஆய்வுக்கு வந்தன. கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. செம்பனைப் பழத்தைக் கொறிக்கும் மர எலி பின்னர் தோட்டங்களின் தீராத தொல்லையானது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் யோங் ஹோய் சென் 1969இல் மலாயா எலிகளின் குரோமோசோம் அமைப்பை வெளியிட்டார். மர எலிக்கு 42. அங்குள்ள வீட்டுக் கறுப்பெலிக்கும் 42.

கடலுக்கு அப்பால் கணக்கு மாறுகிறது. ஜப்பானியரான தோசிஹிதே யோசிதா பல நாட்டுக் கறுப்பெலிகளை ஒப்பிட்டார். தென்னிந்தியாவில் பெரும்பாலும் 38, இலங்கையில் 40. எதுவும் தொலைந்துபோகவில்லை: இலங்கை எலியில் ஓர் இணைக் குரோமோசோம்கள் இன்னோர் இணையோடு ஒட்டிக்கொண்டன, தென்னிந்திய எலியில் மேலும் இரண்டு இணைகள் அப்படியே ஒட்டின. 1970களில் வந்த ஜீம்சா பட்டைச் சாயம், ஒட்டிய ஒவ்வொரு கையும் எதிலிருந்து வந்தது என்பதைக் காட்டியது.

42உம் 38உம் கலந்து பிறக்கும் எலிக்கு 40 இருக்கும். அதன் விந்தகத்தில் ஒட்டிய குரோமோசோம் ஒன்றோடு ஒட்டாத இரண்டு சேர்ந்து, இணைக்குப் பதில் மும்மையாக நிற்கும். மும்மை பிரியும்போது பங்கீடு தவறினால் குறையுள்ள விந்தணுக்கள் உருவாகும். கலப்பெலிகளின் இனப்பெருக்கம் குன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.